கூலண்ட் குறைந்துகொண்டிருந்த கார்

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில் காபிக்கு முன்னால் எனக்கு ஒரு வேலை சேர்ந்துகொண்டது. வாசலில் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கம்பியை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, செல்போன் டார்ச்சை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பின்னால் பிடிப்பேன். உள்ளே என்ஜினைக் குளிர வைக்கிற கூலண்ட் இளஞ்சிவப்பாகத் தெரியும். பாட்டிலின் மேல் இரண்டு கோடுகள். அவற்றுக்கு நடுவில் நின்றால் நிம்மதி. கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

கார் என் கணவருடைய ஆசை. எங்கள் வீடு போடியில்; மலைக்கு மேலே, போடிமெட்டுக்குச் சற்று அப்பால் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்கு ஜீப் உண்டு. வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கோயம்புத்தூர் போய், வெளிநாட்டுக்குக் குடிபோகிற ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே சீட்டு. உட்காருவதற்குத் தரையில் உட்காருவதுபோல் இறங்க வேண்டும். நான் சேலையோடு அதிலிருந்து எழுந்து வெளியே வருவதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். “அலுமினிய என்ஜின். ஒரு தடவை நல்லா சூடேறிட்டா ஹெட் வளைஞ்சிரும், அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது. கூலண்ட்ட மட்டும் அடிக்கடி பாத்துக்கங்க. என்ஜின் ஆறின பிறகு பாருங்க. சூட்டோட மூடியத் தொறந்தீங்கன்னா மூஞ்சி வெந்துரும்.” என் கணவர் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டு தலையாட்டினார். கேட்டுக்கொண்டது நான்தான்.

எனக்கு வண்டி ஓட்டப் பயமில்லை. ராசிங்காபுரத்தில் எங்கள் அப்பா வீட்டில் நான் டிராக்டர் ஓட்டி வளர்ந்தவள். பயம் தோட்டத்துக்கு ஏறுகிற மலைப்பாதையின் மேல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் என்ஜின் நின்றுபோனால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், பிரேக் மரத்துப்போகும். இது தெரிந்த பிறகு என்னால் அந்த பாட்டிலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவருக்கு அது பிடிக்கவில்லை. “என்ன டீச்சர், பரிச்சைப் பேப்பர் திருத்தியாச்சா? பாஸா பெயிலா?” என்று வாசற்படியில் நின்று கேட்பார். அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டால் எரிச்சலில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சித்திரை வெயில் தணிந்து மலையில் மழை பிடித்த சமயத்தில் கூலண்ட் குறைய ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை. விரற்கடை, அரை விரற்கடை. நான் ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலில் ஒரு கோடு போட்டு வைத்தேன். நாலைந்து நாளில் மட்டம் அந்தக் கோட்டைவிட்டு இறங்கியிருந்தது. காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன். காலையில் அட்டை காய்ந்து கிடந்தது.

“மாமா, தண்ணி எங்கயோ போகுது” என்றேன் அவரிடம்.

“எங்க போகும்? சூட்டுல ஆவியாயிருக்கும்.”

“அது மூடிக் கெடக்குற பாட்டிலு. ஆவியாகி எங்கிட்டுப் போகும்?”

தேனி ரோட்டில் இருக்கிற ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் குழாய்களை எல்லாம் அமுக்கிப் பார்த்தார், ரேடியேட்டரைப் பார்த்தார், வண்டியை உறுமவிட்டுப் புகையைப் பார்த்தார். “லீக்கு ஒண்ணும் தெரியலையே. ஊத்தி ஓட்டுங்க, பாப்போம்” என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில், ஊர் கூட்டித் தீர்ப்புச் சொன்ன திருப்தி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த பாட்டிலைப் பற்றிப் பேசினாலே சண்டை. நான் பேசுவதை விட்டேன், பார்ப்பதை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை. முதல் காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜீப் காலையிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டதால் நாங்கள் காரில் கிளம்ப வேண்டும். பானெட்டைத் திறந்தேன். மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

“இன்னிக்குக் காரு வேணாம். பஸ்சுல போவோம்” என்றேன்.

“பஸ்சுக்கு நின்னா மத்தியானம் ஆயிரும். சோலி கெடக்கு அங்க. ஊத்திட்டு வா வெரசா.”

ஊற்றினேன். ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் நிரப்பி சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஏறும்போது என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டியது, ஆனால் சிவப்புக்குப் போகவில்லை. மேலே சேர்ந்து, டீக்கடை முன்னால் நிறுத்தியபோது, “பாத்தியா?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தோட்டம் ரோட்டை ஒட்டிச் சரிவில் இறங்குகிறது. காய் எடுக்கிற பெண்கள் செடிக்குச் செடி குத்தவைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். மழை தூறலாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் நிழல் மரம் ஒன்றின் முறிந்த கிளையை இழுத்துப் போடப் போனார். அதில் மலைக்குளவிக் கூடு இருந்திருக்கிறது. ஒரு பெண் கத்திய சத்தம்தான் எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போவதற்குள் அவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு செடிகளுக்குள் விழுந்து எழுந்து மேலே வந்துகொண்டிருந்தார்.

குளவி கொட்டுவது தோட்டத்தில் புதிதில்லை. சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே அவருடைய கழுத்திலும் மார்பிலும் தட்டுத்தட்டாகத் தடிப்பு எழும்பியது. உதடு வீங்கியது. வாந்தி எடுத்தார். பிறகு மூச்சு விடும்போது உள்ளே விசில்போல ஒரு சத்தம் வந்தது.

ஜீப் உர மூட்டை ஏற்றப் போயிருந்தது. பூப்பாறைப் பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதாகக் காலையிலேயே சொன்னார்கள். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. ஆம்புலன்சுக்கு அடித்தேன். போன் இரண்டு தடவை மணியடித்து அறுந்துபோனது. மறுபடி சிக்னலே வரவில்லை.

“காருதான் நிக்குதே டீச்சரம்மா, கெளம்புங்க!” என்றார்கள் பெண்கள். இரண்டு பேர் அவரைத் தாங்கி மேலே கொண்டுவந்து சீட்டில் இறக்கினார்கள். நான் சாவியைத் திருகினேன்.

போடிமெட்டைத் தாண்டியதும் மஞ்சு. மலையில் பனிமூட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். எதிரே ஒரு வண்டி வந்தால் அதன் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் மஞ்சளாகத் தெரியும். போதாக்குறைக்கு எங்கள் மூச்சில் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துக்கொண்டே வந்தது. துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் இழுவியது. ஹீட்டரை வைத்தால் கண்ணாடி தெளியும். குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி, காற்றைக் கூட்டினேன்.

கண்ணாடி தெளிய ஆரம்பித்தது. ஒரு வளைவு திரும்பினேன். அடுத்ததற்குள் நுழையும்போது டாஷ்போர்டுக்குள் ‘பட்’ என்று ஏதோ விட்டது. புசுபுசுவென்று வெள்ளை ஆவி முகத்தில் அடித்தது. காருக்குள் ஒரு நொடியில் எதுவும் தெரியவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் கையே எனக்குத் தெரியவில்லை. தித்திப்பான ஒரு வாடை. வாயில் வெல்லப்பாகு பட்டதுபோல. அவர் “கால்! கால்!” என்று காலைத் தூக்கினார். அவர் பக்கம் கீழே வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்தேன். பாறைப் பக்கம் இருக்கிறேனா, பள்ளத்துப் பக்கம் இருக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன். கண்ணாடிகளை இறக்கினேன். புகை வெளியே போகப் போக, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரத்து வெள்ளைக் கல் தெரிந்தது. பள்ளத்துப் பக்கம்தான்.

அவர் இருமினார். இருமலுக்கு நடுவே அந்த விசில்.

என்ஜினிலிருந்து சுடுதண்ணீர் ஹீட்டருக்குள் வருகிறது, அங்கேதான் ஏதோ உடைந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. குமிழைத் திருப்பிய பிறகுதான் உடைந்தது. அப்படியானால் திருப்பி மூடினால் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் நிற்கலாம். நிற்குமா என்று தெரியாது. நீலப் பக்கம் கடைசிவரை திருகினேன். ஆவி மெலிந்தது. முள் பாதிக்கு மேலே நின்றது. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க நேரமில்லை.

இனிமேல் கண்ணாடியைத் தெளிய வைக்க வழியில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இரண்டாவது கியரில் இறங்கினேன். மழை கண்ணில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அமுக்கிக்கொண்டே திரும்பினேன். இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை குறைவு என்பதால் முள் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. இப்படியே மலையடிவாரத்து முந்தல் வரை இறங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். “மாமா, பேசிக்கிட்டே வாங்க, எதையாவது பேசுங்க” என்றேன். அவர் பதிலுக்கு என் தொடையில் கையை வைத்தார்.

புலியூத்துக்குச் சற்று மேலே முன்னால் வண்டிகள் நின்றன. கொண்டை ஊசி வளைவில் ஏறிவந்த லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே ஒரு வரிசை, மேலே எங்கள் வரிசை. நின்ற இடத்தில் என்ஜின் ஓட ஓட முள் எழும்பியது. சிவப்பைத் தொட்டதும் அணைத்துவிட்டேன்.

இறங்கி ஓடினேன். “ஆள் மூச்சு விட முடியாமக் கெடக்காரு, யாராச்சும் வழி விடுங்க” என்று கத்தினேன். லாரிக்காரர் அழுகிற மாதிரி இருந்தார். “அசையலைம்மா. வண்டி அசையல” என்றார். லாரியின் மூக்குக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு பைக் போகிற சந்து மட்டும் இருந்தது.

அந்தச் சந்துக்குள் நுழையத்தான் இரண்டு பேர் ஒரு பைக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்கள், ரிப்பேரான பம்பு ஒன்றை நடுவில் வைத்துப் போடிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பம்பை இறக்கி ரோட்டோரத்தில் வைத்தார்.

“சேச்சி பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஆளக் கொண்டாங்க. நடுவுல வச்சுக்கிறோம்” என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

அவரை நடுவில் உட்கார வைத்தார்கள். முகம் அவருடைய முகமாகவே இல்லை. கண் இரண்டும் கோடாகிவிட்டிருந்தது. பின்னால் இருந்தவர் தன் கையிரண்டையும் அவருடைய அக்குளுக்குள் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். எனக்கு அந்த பைக்கில் இடமில்லை. என் நம்பரைச் சொன்னேன். வண்டி சந்துக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் போனதும் மஞ்சு மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

நடந்தே இறங்கிவிடலாம் என்று சில அடி போனேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் கார் ரோட்டின் நடுவில் நின்றது. லாரி நகர்ந்தால் பின்னால் நிற்கிற எல்லா வண்டிக்கும் அதுதான் தடை. கீழே இருக்கிற வண்டிகளும் திரும்ப இடமில்லாமல் நின்றன. நான் திரும்பி வந்தேன்.

பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் வந்தார். “சூடாயிருச்சா? தண்ணி இருக்குல்ல? மூடியத் தொறந்து ஊத்துங்க, ஒரு நிமிசத்துல சரியாயிரும்” என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கி மூடியில் கை வைத்தார்.

“தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“ஒங்களுக்கு ஒதவத்தானம்மா வந்தேன்.”

“தெரியுதுங்க. அழுத்தத்துல நிக்குது. தொறந்தா மூஞ்சியில அடிக்கும். ஆறட்டும்.”

“எம்புட்டு நேரம் ஆறும்?”

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார், ஆனால் லாரியை நகர்த்தக் கற்களை அள்ளிப்போட்ட கூட்டத்தில் அவரும் இருந்தார். ஒருவழியாக லாரி முக்கி முனகித் திரும்பியது. எங்கள் காரை நாலு பேர் சேர்ந்து பாறையோரம் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு வண்டியாக என்னைத் தாண்டிப் போனது. கீழே போகிற ஒரு வேன்காரர், “வர்றீங்களா?” என்று கேட்டார்.

ஏறியிருக்கலாம். ஆனால் வேன் போடி போகவில்லை, குரங்கணிக்குத் திரும்புகிறது என்றார். முந்தலில் இறங்கி பஸ்சுக்கு நிற்க வேண்டும். அதற்குள் இது ஆறிவிடும் என்று தோன்றியது. “நீங்க போங்கண்ணே” என்றேன்.

அதன் பிறகு அந்த வளைவில் நான் மட்டும். மஞ்சுக்குள் எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம். போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். சிக்னல் இல்லை. ரேடியேட்டர் குழாயில் கையை வைப்பேன், சுடும், எடுப்பேன். காரைச் சுற்றி நடப்பேன். மறுபடி வைப்பேன். அவர் காலையில் கடைசியாக என்னிடம் பேசிய வார்த்தை “பாத்தியா?” என்பதுதான். அதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் வெதுவெதுப்புக்கு வந்ததும் அவருடைய துண்டை மடித்து மூடியில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் திருகு திருகினேன். சீறியது. காத்திருந்து, இன்னும் கொஞ்சம் திருகினேன். சீறல் அடங்கியது. கேனைக் கவிழ்த்தேன். வண்டி தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது; கேன் ஏறக்குறைய காலியாகும்போதுதான் மட்டம் தெரிந்தது. ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது.

மீதி வளைவுகள் எப்படிப் போயின என்று எனக்கு ஞாபகமில்லை. கைகள் ஓட்டின. முந்தல் செக்போஸ்ட் பக்கத்தில் மஞ்சு விலகி வெயில் அடித்தது, மடியில் கிடந்த போன் மணியடித்தது. தெரியாத நம்பர். வண்டியை ஓரங்கட்டினேன். எடுக்கப் பயமாக இருந்தது.

“சேச்சி, ஊசி போட்டு. இப்ப மூச்சு சரியாயிட்டு. டாக்டர் இங்கதன்னே நிக்கிறாரு. தண்ணி கேட்டாரு, கொடுக்கலாமான்னு கேட்டுட்டு இருக்கோம்.”

“பேசுறாரா?”

“பேசுறாரே. காரு எங்கன்னு கேக்குறாரு.”

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. செக்போஸ்டில் இருந்தவர் எழுந்து வந்து ஒரு பாட்டில் தண்ணீரை ஜன்னல் வழியாக நீட்டினார். பாதியைக் குடித்தேன், மீதியில் முகம் கழுவினேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். கண்ணைத் திறக்க முடியாத வீக்கத்தோடு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த சனியன வித்துருவோம்” என்றார்.

மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றி, ஹீட்டருக்குள் இருக்கிற சின்ன ரேடியேட்டரை எடுத்துக் காட்டினார். ஓரத்தில் வெகுநாளாகக் கசிந்து, அன்றைக்கு வெடித்திருக்கிறது. அவர் ஓட்டும்போது நான் கால் வைத்து உட்காருகிற பக்கம் விரிப்பைத் தூக்கினால், அடியில் இருந்த பஞ்சு முழுக்க ஊறி, இளஞ்சிவப்பாகப் பிசுபிசுத்தது. கூலண்ட்டை வெளியே சொட்டவிடாமல் இத்தனை நாள் அந்தப் பஞ்சு குடித்திருக்கிறது. “இத யாரும் லேசுல கண்டுபிடிக்க மாட்டாங்க மேடம்” என்றார். எனக்கு அதில் ஆறுதலும் இல்லை, கோபமும் இல்லை. அந்தப் பாகத்துக்கு மாற்று கிடைக்காததால் ஹீட்டருக்குப் போகிற குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிட்டார். என்ஜின் தப்பியிருந்தது.

விற்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். அவருக்கு நம்ப முடியவில்லை. “நீதான டெய்லி அதப் பாத்துப் பயந்து செத்த?” என்றார். ஆமாம். ஆனால் அந்தப் பாதையில் அதைத் தனியாக இறக்கிக்கொண்டு வந்தவளும் நான்தான். வேறு யாரோ அதை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. “இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன். இப்போது கண்ணாடி வெளுத்தால் துணியால்தான் துடைக்க வேண்டும். மழைக்காலத்தில் அதை மேலே கொண்டுபோவதில்லை.

மழை விட்ட பிறகு அந்த இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். பம்பை யாரோ பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். வேட்டி சட்டை வாங்கி வைத்திருந்தோம், தொடவில்லை. கைகழுவிவிட்டு வாசலில் நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு என் கணவரைப் பின்னாலிருந்து அணைத்துக்கொண்டு போனவர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சேச்சி, இதுல ஒருக்கா ஒக்காந்து பாக்கலாமா?”

இரண்டு சீட்டுதான் என்பதால் ஒவ்வொருவராகக் குரங்கணி ரோட்டில் கூட்டிப்போனேன். முதலாமவர் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டாமவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுக் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தார். மாந்தோப்புகளைத் தாண்டி நேரான ரோடு வந்ததும், “இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாம் சேச்சி, நான் பயப்பட மாட்டேன்” என்றார். நான் கியரை மாற்றி மிதித்தேன்.